மழைக்கு மூடிய பேசின்கள்

எங்கள் தெருவுக்கு இப்போது கேன் தண்ணீர் வருகிறது. மூன்று சக்கர வண்டியில் நீலக் கேன்களை அடுக்கிக்கொண்டு காலையில் ஒருவர் வந்து, வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். மரக்காணத்துத் தண்ணீரின் லட்சணம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எங்கள் வீட்டு அடிபம்பில் வருகிற தண்ணீரில் ரசம் வைத்தால் உப்புப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட தண்ணீரில் வளர்ந்து வயதான என் அம்மா, முதல் கேன் வந்த அன்று ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி இது, சப்புன்னு இருக்குது."

பிறகு அடுப்படிக்குப் போய், ஜாடியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து டம்ளரில் போட்டு, இரண்டு ஆட்டு ஆட்டி, மறுபடி குடித்தாள். "ஆங், இப்பதான் தண்ணி."

மெஷின் வைத்து யாரோ பாடுபட்டு எடுத்த உப்பை அம்மா ஒரே நிமிஷத்தில் திரும்பப் போட்டுவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே நானும் ஒரு வாய் குடித்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சப்பென்ற ருசி என் நாக்குக்குத் தெரிந்த ருசி. கடல் தண்ணீரைப் பிடித்து, உப்பைப் பிரித்து, குழாயில் விடுகிற ஊர் ஒன்று உண்டு. மாலத்தீவின் தலைநகரமான மாலேயில் நான் நான்கு வருஷம் டீச்சராக இருந்தபோது குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

அதற்கு முன்பு வானூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலத்தீவுக்கு டீச்சர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்னையில் நடந்த இண்டர்வியூவுக்குப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் அழுதுகூட விட்டார். அவ்வளவும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வேலை உத்தரவை நிதானமாகப் படித்தேன். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம், திருப்தியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று எழுதியிருந்தது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்பதுதான் எனக்கு வந்த முதல் கவலை.

இதை வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, கவலை உண்மையானது. பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் அம்மாவோடு உப்பளத்தில் இறங்கி நின்றவள் நான். உப்புத் தண்ணீரில் நின்றால் கால் வெடிப்பு எரியும். எரிகிறது என்று சொன்னால், அம்மா தன் காலைத் தூக்கிக் காட்டுவாள். நான் மறுபடி பாத்தியில் இறங்கிவிடுவேன். கிளம்பிப் போனவள் மூன்று மாதத்தில் திரும்பி வந்து அந்தப் பாத்தி ஓரத்தில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எப்படியாவது அங்கே நிலைத்துவிட வேண்டும் என்று இருந்தது.

மற்ற அம்மாக்கள் பாஸ்போர்ட் பத்திரம், நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி அனுப்புவார்கள். என் அம்மா எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

"சுத்திக் கடலுன்ற. உப்பளம் இருக்குதா?"

"தெரியலம்மா."

"வெயிலு?"

"நல்லா அடிக்குமாம்."

"கடலும் இருக்குது, வெயிலும் இருக்குது. அப்புறம் உப்பு வெளையாம எங்க போவும்? போய்ப் பாத்துட்டுச் சொல்லு."

அந்தக் காலத்தில் விமான நிலையத் தீவிலிருந்து மாலேக்குப் படகில்தான் போக வேண்டும். படகில் டீசல் வாசனையும் மீன் வாசனையும் கலந்து வந்தது. அந்த வாசனை எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து அனுமந்தைக் கடற்கரையை ஞாபகப்படுத்த, 'அட, இது நம்ம ஊர்தானே' என்று ஒரு தைரியம் வந்தது. கரையில் இறங்கியதும் தைரியம் போய்விட்டது. கை நீட்டினால் எதிர்வீட்டைத் தொடுகிற மாதிரி சந்துகள். அந்தச் சந்துகளுக்குள் மோட்டார் பைக்குகள் மீன்குஞ்சு போல நுழைந்து வெளியேறின. மண்ணே கண்ணில் படவில்லை. ஊரைச் சுற்றி வர ஒரு மணி நேரம் போதும். சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். முதல் வாரத்தில் நான் தொலைந்துபோனதெல்லாம் அப்படித்தான் தானாகச் சரியானது.

எனக்கு ஒதுக்கிய அறையில் மார்த்தாண்டம் பக்கத்து செலின் டீச்சரும் இருந்தாள். அறை எவ்வளவு பெரியது என்றால், ஒருத்தி பீரோவைத் திறக்க வேண்டுமானால் மற்றவள் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்று செலின் எனக்குச் சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன். ஆனாலும் முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுந்து, அவளை எழுப்பாமல், கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். காவலாளி கதவைத் திறக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குகிற மாதிரி காட்டினார். போய்த் தூங்கு என்கிறாராம்.

மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் சூரை. சின்ன சூரை, பெரிய சூரை, வெட்டிய சூரை. விற்பவர்கள் எல்லாம் ஆண்கள், கூவாமல் நின்றார்கள். அனுமந்தையிலிருந்து கூடை தூக்கி வருகிற பெண்களின் குரலில் விழித்தெழுந்து பழகிய எனக்கு அது மார்க்கெட் மாதிரியே இல்லை. "இன்னாம்மா, பாக்குறியா வாங்குறியா?" என்று யாராவது ஒரு அதட்டல் போட்டால் தேவலாம் போலிருந்தது. ஆனால் அங்கே கிடைத்த காலைச் சாப்பாடு ஒன்றை நான் விடவே இல்லை. வேகவைத்த சூரையை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். எங்கள் ஊர்ச் சுறாப் புட்டு இல்லாத குறையை அது தீர்த்துவைத்தது.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் கடற்கரையோரமாகவே ஊரைச் சுற்றி உப்பளத்தைத் தேடினேன். பாறையும் சிமெண்டுக் கட்டைகளும்தான் இருந்தன. நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்ட ஒரு பெரியவர், எதைத் தொலைத்தாய் என்று கேட்டார். உப்பைத் தேடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மிகவும் அன்பாகப் பக்கத்திலிருந்த கடைக்கு அழைத்துப் போய், ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவிலிருந்து வந்த உப்பு.

அன்று போனில் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நம்ம உப்பத்தான் துண்ணுறாங்களா!" உடனே ஒரு சந்தேகம்: "கல்லுப்பா, தூளுப்பா?"

"தூளும்மா."

"ஐய" என்றாள், அந்த நாட்டின் மேல் இருந்த மரியாதை பாதி குறைந்துவிட்ட குரலில். ஏன் அங்கே விளையவில்லை என்ற கேள்வியை மட்டும் அவள் விடவில்லை. நானும் ஒரு நாள் கடற்கரை மணலில் கையால் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய வேகத்தில் உள்ளே போய்விட்டது. அது பவளப் பாறை பொடிந்த மணல். நம்முடைய களிமண் மாதிரி தண்ணீரைத் தாங்கிப் பிடிக்காது. அதோடு அங்கே இடமும் கிடையாது, மழையும் நினைத்தபோது வரும்.

எட்டாம் வகுப்புக்குத்தான் நான் கணக்கு டீச்சர். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்கார்ந்து, நான் போடுவதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். புரிந்ததா என்றால் "யெஸ் மிஸ்." புரியவில்லையா என்றாலும் "யெஸ் மிஸ்." தங்களுக்குள் திவேஹி மொழியில் மளமளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள், நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஒரு நாளும் ஒரு கேள்வி வந்ததில்லை. கத்துகிற வகுப்பை அடக்க எனக்குத் தெரியும். வானூரில் அதுதானே வேலை. பேசாத வகுப்பைப் பேசவைக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கணக்குப் பாடத்துக்கு மேற்பார்வையாளர் ஆமினத் மேடம். மெல்லிய குரல், அதிர்ந்து பேச மாட்டார். மூன்றாவது மாதம் முடிகிற சமயத்தில் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளைகள் உங்களிடம் எதுவுமே கேட்பதில்லையே, ஏன்?" என்றார். "வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் வகுப்பில் உட்காருகிறேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும்." அன்று ராத்திரி எனக்குக் கனவில் அந்தச் சுவர்க் கடிகாரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், உப்பளத்தில் மழை வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பாத்தியில் விளைந்த உப்பை வாரி, கரையில் குவித்து வைப்பார்கள். அம்பாரம் என்போம். கோடையில் திடீரென்று மேகம் கறுத்தால், முதலில் பார்க்கிறவர் "மோடம் போட்டுடுச்சு, மூடு, மூடு!" என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான். சோற்றில் கை வைத்தவர்கள் கையோடு எழுந்து ஓடி வருவார்கள். யாருடைய உப்பு என்று பார்க்கிற வழக்கமே கிடையாது. கூலிக்கு வந்தவர், குத்தகைக்காரர், ரோட்டில் போகிறவர் என்று யார் எந்த அம்பாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்களோ அதைக் கீற்றுப் போட்டு மூட வேண்டும். என் அம்மாவுக்கும் பக்கத்துத் தெரு கன்னியம்மாவுக்கும் ஏதோ கல்யாணத்தில் ஆரம்பித்த சண்டை. வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. ஆனால் மோடம் போட்டால் ஒரே கீற்றின் இரண்டு பக்கத்தையும் இரண்டு பேரும் பிடித்து ஓடுவார்கள். மூடி முடித்து, கல் வைத்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மழை வந்தால் மூட வேண்டும் என்பது எனக்கு யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை. நடக்க ஆரம்பித்தபோதே வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் ஒரு சமன்பாடு எழுதி x-இன் மதிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஆமினத் மேடம். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். என் குரல் எனக்கே சத்தமாக இருந்தது. அப்போது ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். வாரக்கணக்கில் மழையே பெய்யாத வானத்தில் ஒரு பக்கம் கருகருவென்று ஏறி வருகிறது. கீழே முற்றத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பேசின்கள் வரிசையாக, பாத்தி மாதிரி, வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

அதற்குப் பிறகு நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. சாக்பீஸைப் போட்டேன். "மோடம் போட்டுடுச்சு! மூடு! மூடு!" என்று தமிழில் கத்திக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். முற்றத்து ஓரத்தில் விழாவுக்கு அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளின் மேல் ஒரு நீலத் தார்ப்பாய் கிடந்தது. அதை உருவினேன். பின்னால் காலடிச் சத்தம். வகுப்பு மொத்தமும் வந்துவிட்டது. ஷஃப்பா என்ற பெண் எதுவும் கேட்காமல் ஒரு முனையைப் பிடித்தாள். இன்னொருத்தன் இன்னொரு முனையைப் பிடித்தான். பேசின்களை அழகாக மூடி, நான்கு மூலையிலும் பூந்தொட்டியைத் தூக்கி வைத்தோம். வைத்து நிமிரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நேரத்துக்கு மூடிவிட்டோம் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அப்போது சமையலறைப் பக்கமிருந்து மரியம் தாத்தா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். அங்கே அக்காவைத் தாத்தா என்பார்கள். இது தெரியாமல், போனில் நான் அவரைப் பற்றிப் பேசினால் "யாருடி அந்தக் கெழவன்?" என்று அம்மா கேட்பாள். ஆசிரியர்களுக்குத் தேநீர் போடுகிறவர் அவர். குழாய்த் தண்ணீர்த் தேநீரில் உயிரில்லை என்பது அவருடைய கட்சி. முதல் மழையைப் பிடிப்பதற்காகக் காலையிலிருந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பேசின்களைக் கழுவி வைத்தவர் அவர்தான். நான் அதைத்தான் மழை படாமல் மூடியிருந்தேன். நாற்காலிகள் மட்டும் சுகமாக நனைந்துகொண்டிருந்தன.

மரியம் தாத்தா தார்ப்பாயை இழுத்து எறிந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் திரும்ப வானூருக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். வராந்தாவில் ஆமினத் மேடம் நின்றிருந்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. முகத்தில் மழை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது ஷஃப்பா கேட்டாள். "மிஸ், நீங்கள் எதைக் காப்பாற்றினீர்கள்?"

மூன்று மாதத்தில் அந்த வகுப்பு என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சொட்டச் சொட்ட வராந்தாவில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உப்பளத்தைப் பற்றிச் சொன்னேன். பாத்தி, அம்பாரம், கீற்று. மழை பட்டால் பல நாள் வேலை கண் முன்னால் கரைந்து ஓடுவது. பிறகு கேள்விகள் நிற்கவில்லை. உப்பு தரையில் விளையுமா? மிதித்தால் குத்துமா? எங்களுக்கும்தான் கடல் இருக்கிறது, ஏன் விளையவில்லை? மணலில் பாத்தி கட்டிப் பார்த்ததைச் சொன்னேன். டீச்சர் கடற்கரையில் மணல் விளையாடினாரா என்று ஒரே சிரிப்பு. கடைசியில் ஒருவன் கேட்டான்: "மழை வந்தால் உங்கள் ஊரில் யாருமே சந்தோஷப்பட மாட்டார்களா?"

வயல்காரர்கள் படுவார்கள் என்றேன். "நீங்கள்?" என்றான். நாங்கள் மூடுவோம் என்றேன்.

ஆமினத் மேடம் மெதுவாகக் கேட்டார். "x-இன் மதிப்பு என்ன என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?" ஒருவருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. அவர் என்னைத் தேர்ச்சி பெறவைத்துவிடவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். போகும்போது, "நன்றாகத்தான் மூடினீர்கள். அடுத்த தடவை என் தேநீருக்கு ஒரு பேசினை விட்டுவிடுங்கள்" என்றார். அந்த ஒரு மாதமும் பிள்ளைகள் கேள்வி கேட்டே என்னைத் துளைத்தெடுத்தார்கள். வேலை நிரந்தரமானது. சுவர்க் கடிகாரம் எனக்கே சொந்தமானது.

மரியம் தாத்தாவின் கோபம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மழைத் தண்ணீரில் பால் இல்லாமல் போட்ட தேநீரை என் முன்னால் வைத்து, குடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பார். அது வேறு தேநீர்தான், ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு வானம் கறுத்தால் அவர் கீழிருந்து "டீச்சர், வாரே!" என்று கூப்பிடுவார். வாரே என்றால் மழை. நான் ஓடுவேன். அதே ஓட்டம்தான், ஆனால் பேசின் எடுத்து வைக்க. பிள்ளைகள் முற்றத்தில் இறங்கி ஆட்டம் போடுவார்கள். முதல் வருஷம் வராந்தாவில் நின்று பார்த்தேன். இரண்டாம் வருஷம் கையை நீட்டினேன். மூன்றாம் வருஷம் நானும் இறங்கிவிட்டேன். மழை வாசனை வந்தால் கண் தார்ப்பாயைத் தேடியது போய், மனசுக்குள் ஏதோ துள்ள ஆரம்பித்தது எப்போது என்று எனக்குத் தெரியாது.

இங்கே அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துத் திரும்பி வந்து பல வருஷம் ஆகிறது. இப்போது விமான நிலையத்துக்கும் மாலேக்கும் பாலம் போட்டுவிட்டார்களாம். அந்தப் படகும் அதன் வாசனையும் இனி யாருக்கும் வேண்டியதில்லை. மரியம் தாத்தா சொந்தத் தீவுக்கே போய்விட்டார் என்று செலின் சொன்னாள். அவருடைய பழைய எண்ணை அழைத்தால் மணி அடிப்பதில்லை.

கேன் தண்ணீர் வந்த அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, கோடை மழை ஒன்று வந்தது. போகாதே என்றாலும் கேட்காமல் அம்மா இன்னும் உப்பளத்துக்குப் போகிறாள். மத்தியானம் போன் வந்தது.

"மோடம் போட்டுடுச்சுடி. வூட்ல இருக்குற தார்பாய எடுத்துகினு ஓடியா!"

ஸ்கூட்டியில் போனேன். கறுத்த வானத்துக்குக் கீழே அம்பாரங்கள் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளையில் நின்றன. அம்மாவும் கன்னியம்மாவும் கீற்றோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். முக்கால்வாசி மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓரத்தில் உப்பு கரைந்து வெள்ளைத் தண்ணீராக ஓட, அம்மா கையாலேயே அணை கட்டினாள். ஒருவழியாகக் கல் வைத்து நிமிர்ந்தவள், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏண்டி சிரிக்கிற?"

சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதே அவள் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தை மழைக்குக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கன்னியம்மா அம்மாவிடம் பேசக் கூடாதே, அதனால் தார்ப்பாயிடம் சொன்னாள்: "மழையில சிரிக்கிற உப்பளத்துப் பொண்ண இன்னிக்குத்தான் பாக்குறேன்." அம்மாவும் தார்ப்பாயைப் பார்த்தே "நானுந்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், அம்மா வாசலிலேயே நின்றாள். கூரை விளிம்புக்குக் கீழே என் பேசின் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"இத எப்ப வச்ச?"

"நீ போன் பண்ணதும்."

"தார்பாய் எடுக்குறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

முன்னாடிதான். நான் குனிந்து பேசினை நேராக நகர்த்தி வைத்தேன். முப்பது பிள்ளைகளுக்கு முன்னால், என்னைக் கேட்காமலே "மூடு" என்று கத்திய ஒருத்தி எனக்குள் இருந்தாள். வேலை போனாலும் உப்பு கரையக் கூடாது என்று ஓடியவள். அவள் எங்கே கரைந்துபோனாள் என்று யோசித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது.

அம்மா ஈரப் புடவையோடு உள்ளே போனாள். உப்பு ஜாடியைத் திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு டம்ளரோடு வந்தவள், பேசினிலிருந்து மழைத் தண்ணீரை மொண்டு, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"குடி. ஒனக்குத்தான் உப்பு வேணாமே."